நொடிக் கணக்கு

வெள்ளி இரவு ஆட்டத்துக்கு என் கையிருப்பு
நாற்பத்தெட்டு முப்பது நொடிகள்.
விதைக் கம்பெனி எட்டு வாங்கியிருக்கிறது,
வங்கி ஆறு.
பன்றித் தீவனக்காரர் இரண்டு, அதுவும் பேரம் பேசி.
ஈமச்சடங்கு நிலையத்துக்கு நான்காம் பகுதி மட்டும் போதுமாம்.
"எங்களிடம் கடைசியில்தானே வருவார்கள்"
என்றாள் ஜோலீன் வ்ர்பா, சிரிக்காமல்.

நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
பகலில் எங்கள் வானொலி ஏழு கவுண்ட்டிக்குக் கேட்கும்.
இருட்டினால் சட்டப்படி சக்தியைக் குறைக்க வேண்டும்:
நாலரை.
ஆட்டமெல்லாம் இரவில்தான்.
விலைப்பட்டியலில் ஏழு என்றே போட்டிருக்கிறோம்.

கால்பந்து என்று பெயர்,
கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.
அவர்கள் நிற்கிற சந்தில்தான்
நான் சோறு தின்கிறேன்.
முழங்காலைப் பிடித்தபடி ஒரு பையன் புல்லில் கிடக்கும்போது
என் மனசு அடுக்கும்: வங்கி, டயர், விதை, டயர்.
வெட்கமில்லை.
கொஞ்சம் உண்டு.

அக்டோபர் இரண்டாம் வாரம்
நம் பையன்கள் முப்பத்தைந்து புள்ளி பின்தங்கினார்கள்.
அந்த எல்லையைத் தாண்டினால் கடிகாரத்தை நிறுத்துவதில்லை, விதி;
தோற்பவனைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிற கருணை.
வெண்டல் குபிக் மூச்சு விடாமல் வர்ணித்தான்.
பதினொரு விளம்பரம் என் தட்டிலேயே ஆறிப்போனது.
மறு ஆட்டத்தில் ஈடுகட்ட வேண்டிய பாக்கி.

அதில் மூன்று எல்டன் ப்ரோஹாஸ்காவின் டயர் கடை.
திங்கட்கிழமை அங்கே பூட்டு.
நொடித்துப் போனார் என்றார்கள்.
நொடித்தவருக்கு
நான் தொண்ணூறு நொடி பாக்கி.

"கடையே இல்லை, அடித்துவிடு" என்றது
ஒமாஹா தலைமை அலுவலகம்.
நான் எல்டனுக்குப் போன் போட்டேன்.
பின்னால் நாய் குரைத்தது.
"காசு கொடுத்தேன் அல்லவா, போடுங்கள்" என்றார்.
"விற்க என்ன இருக்கிறது?"
"எழுதி அனுப்புகிறேன்."

டயர் பில்லின் பின்பக்கத்தில் வந்தது:
இருபத்து மூன்று பெயர்,
எதிரே அவரவர் கடன், சென்ட் வரைக்கும்.
இரண்டு பாதிரியார்கள். ஷெரீஃப்.
வழக்கறிஞர் ஒரே வார்த்தையில் மறுத்தார்,
அதற்கும் பில் அனுப்பினார்.

எல்டன் திரும்ப எழுதினார்:
"ப்ரோஹாஸ்கா டயர்ஸ்.
கடன் வைத்தவர்களுக்குத் தெரியும்.
நன்றி."
படித்துப் பார்த்தேன், ஒன்பது நொடி.
மிச்சம் இருபத்தொன்று?
"காற்று விடுங்கள்" என்றார்,
"முப்பது வருஷம் நான் விட்டது அதைத்தான்."

வானொலியில் மௌனத்துக்கு மன்னிப்பு கிடையாது.
வெண்டல் வாசித்தான், வாயை மூடினான்.
திறந்த மைக்கில்
எங்கோ ஒரு டிரம், யாரோ பாப்கார்னுக்குச் சண்டை,
கம்பத்தில் கொடிக்கயிறு தட்டுகிற சத்தம்.
சோள லாரிகளுக்குள் ஆட்கள்
பொட்டி கெட்டுவிட்டது என்று குமிழைத் திருகியிருப்பார்கள்.
சிலர் திருகியிருக்க மாட்டார்கள்.

மூன்று முறை.

சனிக்கிழமை விடிந்ததும் வங்கியிலிருந்து அழைப்பு.
கடனைப் பற்றி இருக்கும் என்று நினைத்தேன்.
"அந்த அமைதி," என்றார் மேலாளர், "நன்றாக இருந்தது.
இருபத்தொரு நொடி என்ன விலை?"
இரண்டு மடங்கு சொன்னேன்.
ஒப்புக்கொண்டார்.

அதை வரவில் எழுதப் பேரேட்டைப் புரட்டினால்
ஏப்ரல் பக்கம் தானாக விரிந்தது:
ஒலிபரப்பு வேனுக்கு நான்கு டயர்,
அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
என் கையெழுத்து.
பக்கத்தில் இருக்க வேண்டிய சிவப்பு டிக் இல்லை.

இருபத்து மூன்று பெயரில்
எங்கள் பெயரை அவர் எழுதவில்லை.

வெளியே வேன் நிற்கிறது.
முன் சக்கரத்தை
காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன்.
கல் மாதிரி இருந்தது.